கத்தி படும் நொடியில் உயிர் இருந்ததா?

செம்மறியாட்டின் தலையில் இரண்டு பக்கமும் இடுக்கி போன்ற மின்முனைகளை வைத்து அழுத்துகிறார்கள். ஒரு ஆம்பியர் அளவு மின்சாரம், இரண்டு மூன்று நொடிதான். ஆடு கால்கள் விறைக்க அப்படியே சாய்கிறது. வழக்கமாக இந்த இடத்தில் கழுத்தில் கத்தி வைப்பார்கள். இந்த முறை வைக்கவில்லை, சும்மா விட்டுப் பார்க்கிறார்கள். விறைப்பு தளர்ந்து கால்கள் உதைக்கத் தொடங்குகின்றன. அப்புறம் மூச்சு சீராகிறது. கொஞ்ச நேரத்தில் தலையைத் தூக்கி, முன்னங்காலை ஊன்றி எழுந்து, மந்தை எங்கே என்று பார்த்து நடக்கிறது.

ஹலால் இறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடுகளில் மார்க்க அறிஞர்களுக்கும் வாங்க வரும் அதிகாரிகளுக்கும் செய்து காட்டப்படும் சோதனை இது. அறுப்பதற்கு முன் விலங்கை மயக்கலாமா கூடாதா என்று உலகம் முழுக்க நடக்கும் வாதத்தின் முடிச்சு, அந்த ஆடு எழுந்து நடந்ததில்தான் இருக்கிறது. இஸ்லாமியச் சட்டத்தின் அடிப்படைக் கேள்வி, விலங்கு மயங்கியிருந்ததா என்பது அல்ல. கத்தி படும்போது அதற்கு உயிர் இருந்ததா என்பதுதான். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் முகநூல் சண்டையிலிருந்து நீதிமன்ற வழக்கு வரை பாதிச் சத்தம் எழுகிறது என்று நினைக்கிறேன்.

குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயம் மூன்றாம் வசனம் எதையெல்லாம் உண்ணக்கூடாது என்று வரிசையாகச் சொல்கிறது. தானாகச் செத்தது, இரத்தம், பன்றி இறைச்சி, அல்லாஹ் அல்லாத பெயரில் அறுக்கப்பட்டது. அதோடு நிற்காமல், கழுத்து நெரிபட்டுச் செத்தது, அடிபட்டுச் செத்தது, உயரத்திலிருந்து விழுந்து செத்தது, கொம்பால் முட்டுப்பட்டுச் செத்தது, காட்டு விலங்கு தின்று மிச்சம் வைத்தது என்று சாவின் வகைகளையே எண்ணிக் காட்டுகிறது. உடனே ஒரு விலக்கும் தருகிறது: "நீங்கள் அறுத்துக்கொண்டவற்றைத் தவிர." அடிபட்டுக் கிடக்கும் ஆடாக இருந்தாலும், உயிர் போவதற்குள் முறைப்படி அறுத்துவிட்டால் அது ஆகுமானது.

இதற்கு புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் ஒரு சம்பவம் உண்டு. மதீனாவுக்கு அருகே சல்உ மலைப்பக்கம் நபித்தோழர் கஅப் இப்னு மாலிக்கின் ஆடுகளை ஓர் அடிமைப்பெண் மேய்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஆடு சாகும் நிலைக்கு வந்துவிட்டது. கையில் கத்தி இல்லை. ஒரு கல்லை உடைத்து, அதன் கூர்முனையால் அறுத்தார். விஷயம் நபியிடம் போனது. உண்ணலாம் என்றார்கள். அறுத்தவர் ஒரு பெண், கருவி ஒரு கல், விலங்கு செத்துக்கொண்டிருந்த ஆடு. மூன்றுமே தடையாகவில்லை. உயிர் இருக்கும்போது அறுபட்டது, இரத்தம் ஓடியது. அது போதுமானதாக இருந்தது.

'உயிர் இருப்பது' என்றால் என்ன? சட்ட அறிஞர்கள் இதை நூற்றாண்டுக்கணக்கில் அலசியிருக்கிறார்கள். தமிழகக் கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் பரவலாக உள்ள ஷாஃபி மத்ஹபின் (சட்டப்பள்ளியின்) நூல்களில் 'ஹயாத் முஸ்தகிர்ரா' என்றொரு சொல் வரும். நிலைபெற்ற உயிர் என்று பொருள் கொள்ளலாம். ஓநாய் கடித்துக் குதறிய ஆட்டில் இந்த நிலைபெற்ற உயிர் இன்னும் இருக்கிறதா, அல்லது அறுபட்ட பிராணியின் வெறும் துடிப்பு மட்டும்தான் மிச்சமா என்று பார்க்கவேண்டும். அறுத்ததும் இரத்தம் பீறிடுகிறதா, பிராணி வேகமாக அசைகிறதா என்பதையெல்லாம் அடையாளமாகச் சொன்னார்கள். கண்ணைச் சிமிட்டினாலோ வாலை ஆட்டினாலோ காலை உதைத்தாலோ உயிர் உண்டு என்று பழைய விளக்கவுரைகளில் வருகிறது. இன்றைய அறுப்புக்கூடத்தில் கால்நடை மருத்துவர் கண்விழியைத் தொட்டு இமை மூடுகிறதா என்று பார்ப்பதும் அதே இடத்தில் அதே வகைச் சோதனைதான். அவர் தேடுவது உணர்வை, ஃபிக்ஹ் எனும் இஸ்லாமியச் சட்டவியலின் அறிஞர் தேடியது உயிரை.

யூதர்களின் அறுப்பு முறையோடு இதை ஒன்றாக வைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. ஆனால் முக்கியமான ஒரு இடத்தில் வழி பிரிகிறது. யூதச் சட்டத்தில் அறுக்கப்படும் விலங்கு காயமே படாததாக இருக்கவேண்டும். அதனால் மரபு வழுவாத யூதர்கள் அறுப்புக்கு முந்தைய மயக்கம் எதையும் ஏற்பதில்லை. இஸ்லாத்தில் காயம் ஒரு தடை அல்ல, மரணம்தான் தடை. முஸ்லிம்களுக்குள்ளேயே இந்த விஷயத்தில் இரண்டு கருத்து நிலவுவதற்கு இடம் கொடுப்பது இந்த வேறுபாடுதான்.

இனி கருவிகளுக்கு வருவோம். மயக்கும் முறைகள் பல. எல்லாவற்றுக்கும் ஒரே தீர்ப்பு சொல்லமுடியாது.

மாட்டின் நெற்றியில் வைத்து அழுத்தினால் உள்ளிருந்து ஒரு எஃகுத் தண்டு பாய்ந்து மண்டையோட்டைத் துளைத்து மூளைக்குள் போய்த் திரும்பும் துப்பாக்கி உண்டு. மாடு அந்தக் கணமே விழும். இதயம் மேலும் சில நிமிடம் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் அந்த மாடு இனி எழாது. இதயம் துடிப்பதை வைத்து உயிர் உண்டு என்பதா, மூளை சிதைந்ததை வைத்து 'நிலைபெற்ற உயிர்' போய்விட்டது என்பதா? ஹலால் விதிகள் வகுத்தவர்களில் பலர் இரண்டாவது பக்கம் சாய்ந்தார்கள். மலேசியாவின் ஹலால் தரவிதி துளைக்கும் தண்டைத் தடுக்கிறது. மண்டையைத் துளைக்காமல் காளான் வடிவத் தலையால் மோதும் கருவியை நிபந்தனைகளோடு அனுமதிக்கிறது. அதிலும் எலும்பு நொறுங்கிவிடக்கூடாது.

தலைக்கு மட்டும் மின்சாரம் பாய்ச்சுவது வேறு. மூளையில் வலிப்பு நோய் வந்தது போன்ற ஒரு கொந்தளிப்பு உண்டாகி உணர்வு போகிறது, இதயம் நிற்பதில்லை. முதலில் சொன்ன ஆடு எழுந்து நடந்தது இதனால்தான். அதே மின்சாரத்தைத் தலையிலிருந்து முதுகு வரை செலுத்தினால் இதயம் நின்றுவிடும். தொழிலாளிக்கு அது வசதி, உடல் உதைக்காது. ஹலாலுக்கு அது உதவாது.

1997-ல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாதமி இதை எண்களோடு பேசியது. மயக்காமல் அறுப்பதே மூலவிதி என்று சொல்லிவிட்டு, மயக்கப்பட்ட பிராணி அறுக்கும்போது உயிரோடு இருந்தது உறுதியானால் உண்ணலாம் என்றது அதன் 95-ஆம் தீர்மானம். மின்முனைகளைத் தலையில் எங்கே வைக்கவேண்டும், மின்னழுத்தம் 100 முதல் 400 வோல்ட், ஆட்டுக்கு 0.75 முதல் 1 ஆம்பியர், மாட்டுக்கு 2 முதல் 2.5 ஆம்பியர், நேரம் 3 முதல் 6 நொடி என்று வரையறுத்தது. துளைக்கும் துப்பாக்கி, கோடரி, சுத்தியல் கூடாது. கோழிக்கு மின்சாரம் கூடாது, ஏனென்றால் கணிசமான கோழிகள் அறுப்பதற்கு முன்பே செத்துப்போவது அனுபவத்தில் தெரிந்திருக்கிறது என்று காரணத்தையும் சேர்த்துச் சொன்னது. மார்க்கத் தீர்ப்பில் ஆம்பியர் கணக்கு வருவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். எனக்கு அதில் மரியாதைதான் வருகிறது. கேள்வி எங்கே இருக்கிறது என்று அவர்கள் சரியாகக் கண்டுகொண்டார்கள்.

இதை நடைமுறையில் செய்து காட்டிய நாடு நியூசிலாந்து. அங்கே வணிக அறுப்புக்கூடங்களில் ஆடு மாடுகளை மயக்கியே ஆகவேண்டும். ஆனால் அன்று அதன் ஆட்டிறைச்சிக்கு ஈரான் பெரிய சந்தையாக இருந்தது. 1979 புரட்சிக்குப் பிறகு இஸ்லாமிய முறையில் அறுத்தால்தான் வாங்குவோம் என்று ஈரான் சொன்னது. மயக்கவும் வேண்டும், உயிரும் இருக்கவேண்டும். தலைக்கு மட்டும் மின்சாரம், அறுப்பவர் முஸ்லிம், மயங்கிய பத்துப் பதினைந்து நொடிக்குள் கத்தி என்ற ஏற்பாடு இப்படித்தான் வேரூன்றியது. இன்று அந்நாட்டு ஆடுகளில் பெரும்பகுதி ஹலால் முறையில்தான் அறுபடுகிறது. இந்தோனேசிய உலமா சபையும் 2009-ல் வெளியிட்ட 12-ஆம் ஃபத்வாவில் (மார்க்கத் தீர்ப்பில்), மயக்கம் தற்காலிகமாக இருக்கவேண்டும், நிலையான காயம் உண்டாகக்கூடாது என்ற நிபந்தனைகளோடு இதை ஏற்றது.

ஆனாலும் ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிவாதக்காரர்கள் என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனில் 1994-ல் தொடங்கிய ஹலால் ஃபுட் அதாரிட்டி என்ற சான்றிதழ் அமைப்பு, விலங்கு சாகாதவகை மயக்கத்தை ஏற்கிறது. 2003-ல் தொடங்கிய ஹலால் மானிட்டரிங் கமிட்டி எந்த மயக்கத்தையும் ஏற்பதில்லை. இரண்டாமவர்களின் வாதம் இது: மின்சாரம் பாய்ந்த ஆயிரம் ஆட்டில் ஒன்று அப்போதே செத்திருந்தால் அதை யார் பிரித்தெடுப்பது? பிரித்தெடுக்க முடியாத சந்தேகப் பொருளைத் தவிர்ப்பது பேணுதல். ஒரே தெருவில் இரண்டு கசாப்புக்கடை, இரண்டு சான்றிதழ், இரண்டிலும் வரிசை. இதுதான் அங்கே நிலவரம்.

இந்தப் பேணுதலின் நியாயம் கோழிக்கு முழுமையாகப் பொருந்தும். பெரிய ஆலைகளில் கோழிகளைக் காலில் கொக்கி மாட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு, மின்சாரம் பாயும் தண்ணீர்த் தொட்டி வழியே தலையை முக்கி நகர்த்துவார்கள். மணிக்கு ஆயிரக்கணக்கில் நகரும். ஒரே நேரத்தில் தொட்டிக்குள் பல கோழிகள் இருக்கும். ஒவ்வொன்றின் உடலும் மின்சாரத்தைத் தடுக்கும் அளவு வேறு என்பதால், ஒன்றுக்குக் கூடுதலாகப் போகும், பக்கத்தில் உள்ளதற்குக் குறைவாகப் போகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் 1099/2009 ஒழுங்குவிதி, 200 ஹெர்ட்ஸுக்குக் குறைந்த மின்சாரத்தில் ஒரு கோழிக்குச் சராசரி 100 மில்லிஆம்பியராவது பாயவேண்டும் என்கிறது. அந்த அளவில் பல கோழிகளுக்கு இதயம் நின்றுவிடும். நிற்காமல் இருக்க அளவைக் குறைத்தால் சில கோழிகள் மயங்காமலேயே கத்திக்குப் போகும். விலங்கு நலம் ஒரு பக்கம் இழுக்கிறது, ஹலால் மறுபக்கம் இழுக்கிறது. அதிர்வெண்ணைக் கூட்டிச் சமாளிக்கப் பார்க்கிறார்கள். ஆனாலும் ஒவ்வொரு பறவையையும் தனித்தனியே கவனிக்கமுடியாத வேகத்தில் ஓடும் அந்தச் சங்கிலிதான் இங்கே சிக்கல் என்று தோன்றுகிறது. ஒவ்வொன்றுக்கும் 'அல்லாஹ்வின் பெயரால்' என்று பிஸ்மில்லாஹ் சொன்னார்களா, கையால் அறுத்தார்களா, சுழலும் இயந்திரக் கத்தியா என்ற கேள்விகளும் அதே வேகத்தில்தான் முளைக்கின்றன.

இதுவரை பேசியது உயிர் இருந்ததா என்பதைப் பற்றி. வலித்ததா என்பதும் மார்க்கத்தின் கேள்விதான். ஷத்தாத் இப்னு அவ்ஸ் வழியாக 'முஸ்லிம்' என்ற நபிமொழித் தொகுப்பில் வரும் நபிமொழி: எல்லாவற்றிலும் நன்முறையை அல்லாஹ் விதித்திருக்கிறான், அறுத்தால் நன்முறையில் அறுங்கள், கத்தியைத் தீட்டிக்கொள்ளுங்கள், அறுக்கும் பிராணிக்கு ஆறுதல் கொடுங்கள். ஆட்டைப் படுக்கவைத்துவிட்டு அதன் கண்முன் கத்தி தீட்டியவரைப் பார்த்து, அதைப் பல முறை சாகடிக்கப் பார்க்கிறாயா என்று நபி கேட்டதாகவும் வருகிறது. சின்ன வயதில் ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானியின்போது ஆட்டின் பின்னங்காலைப் பிடித்துக்கொள்ளும் வேலை என்னுடையது. நான் கத்தியைக் கையில் ஆட்டிக்கொண்டு ஓடி வந்ததும் வாப்பா, "முதுகுக்குப் பின்னாடி வைய்டா, அது பார்க்குதுல்ல" என்று அதட்டினார்கள். ஆட்டுக்குத் தண்ணீர் காட்டி, மக்கா இருக்கும் கிப்லாப் பக்கம் திருப்பி, கண்ணைக் காதால் மூடி, ஒரே இழுப்பில் முடித்தார்கள். கையில் பிடித்திருந்த கால் இழுத்து இழுத்துப் பிறகு கனத்துப்போனது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அது எத்தனை நொடி என்று அப்போது எண்ணத் தோன்றவில்லை.

எண்ணியவர்கள் சொல்வது இதுதான். செம்மறியாடும் வெள்ளாடும் கழுத்தின் இரு பெரிய தமனிகளும் முழுதாக அறுபட்டால் சில நொடிகளில் உணர்விழக்கும், பெரும்பாலும் இருபது நொடிக்குள். மாட்டின் உடலமைப்பு வேறு. முதுகெலும்புக்குள் ஏறிவரும் தமனிகள் கத்திக்கு அகப்படுவதில்லை. அவை மூளைக்குக் கொஞ்ச நேரம் இரத்தம் கொடுத்துக்கொண்டே இருக்கும். அறுபட்ட தமனியின் முனை சுருங்கி இரத்தம் கட்டி அடைத்துக்கொள்வதும் உண்டு. 2010-ல் வெளியான ஓர் ஆய்வில், மயக்காமல் ஹலால் முறையில் அறுக்கப்பட்ட 174 மாடுகளைக் கவனித்தார்கள். கடைசியாக விழுவதற்குச் சராசரி 20 நொடி ஆனது. 14 விழுக்காடு மாடுகள் விழுந்து மறுபடி எழுந்தன. 8 விழுக்காட்டுக்கு 60 நொடியோ அதற்கு மேலோ ஆனது. அந்த எட்டு விழுக்காட்டை என்னால் எளிதில் கடந்துபோக முடியவில்லை.

நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி வருடம் தவறாமல் சுற்றும்: ஜெர்மன் விஞ்ஞானி சோதித்துவிட்டார், ஹலால் அறுப்பில் வலியே இல்லை. 1978-ல் ஹனோவரில் சுல்ட்சேயும் அவரது குழுவினரும் செய்த ஆய்வு அது. உண்மையான ஆய்வுதான். ஆனால் சோதித்தது ஆடுகளையும் கன்றுகளையும், அதிலும் சிறு எண்ணிக்கையை, அன்றைய கருவிகளைக் கொண்டு. 2009-ல் நியூசிலாந்தின் மாசே பல்கலைக்கழகத்தார், லேசான மயக்க மருந்தில் வைத்திருந்த கன்றுகளின் மூளை அலைகளைப் பதிந்து, கழுத்து அறுபடும்போது வலிக்குரிய மாற்றம் தெரிவதைக் காட்டினார்கள். அறுத்த உடனே துளைக்காத கருவியால் மோதியபோது அந்த மாற்றம் அடங்கியதையும் காட்டினார்கள்.

மயக்கிவிட்டால் எல்லாம் சுகம் என்று நினைப்பவர்களும் ஒரு எண்ணைப் பார்க்கவேண்டும். ஸ்வீடனில் மத விலக்கே கிடையாது, எல்லா மாடுகளையும் மயக்கியாகவேண்டும். அங்கே 2013-ல் வெளியான ஆய்வில் தண்டுத் துப்பாக்கியால் சுடப்பட்ட மாடுகளில் 12.5 விழுக்காட்டுக்கு மயக்கம் சரியாக விழவில்லை. குறி தவறினால் மண்டை உடைந்து உணர்வோடு நிற்கும் மாடு, கழுத்து அறுபட்ட மாட்டைவிடக் குறைவாக வேதனைப்படுமா? எந்த முறையானாலும் கைத்திறனும் நிதானமும் இல்லாவிட்டால் கொடுமைதான்.

மயக்கினால் இரத்தம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிவிடும் என்ற நம்பிக்கையும் வலுவாக இருக்கிறது. பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004-ல் ஆடுகளிலும் 2006-ல் மாடுகளிலும் எடைபோட்டுப் பார்த்தார்கள். மயக்கி அறுத்ததிலும் மயக்காமல் அறுத்ததிலும் வெளியேறிய இரத்தத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை.

சட்டத்தின் கதை இதைவிடக் கசப்பானது. 1893-ல் சுவிட்சர்லாந்து மக்கள் வாக்கெடுப்பின் மூலம் மயக்காத அறுப்பைத் தடைசெய்தது. அதன் பின்னால் விலங்கு நேசத்தோடு யூத வெறுப்பும் இருந்தது. 1933 ஏப்ரலில், ஆட்சிக்கு வந்த மூன்றே மாதத்தில், நாஜிகள் ஜெர்மனியில் அதே தடையைக் கொண்டுவந்தார்கள். ஐரோப்பிய முஸ்லிம்களும் யூதர்களும் இத்தகைய சட்டம் வரும்போதெல்லாம் பதறுவதற்கு இந்த நினைவு போதும். ஐரோப்பிய ஒன்றிய ஒழுங்குவிதி மத அறுப்புக்கு விலக்குத் தருகிறது, உறுப்பு நாடுகள் கடுமையாக்கிக்கொள்ளவும் இடம் விடுகிறது. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதி 2019 ஜனவரி முதல் மயக்காத அறுப்பை நிறுத்தியது. மத அறுப்பானால், விலங்கு மீண்டெழக்கூடிய மயக்கம் மட்டுமே கொடுக்கவேண்டும், மயக்கம் மரணத்துக்குக் காரணமாகக்கூடாது என்றும் எழுதியது. முதலில் சொன்ன அந்த ஆட்டின் சோதனை சட்டவரியாக மாறிய இடம் இது. 2020 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் இந்தத் தடை மதச் சுதந்திரத்தை மீறவில்லை என்று தீர்ப்பளித்தன. நீதிமன்றத்தில் முஸ்லிம் அமைப்புகள் யூத அமைப்புகளோடு சேர்ந்து தோற்றன. ஆனால் அடைபட்ட வழி இருவருக்கும் ஒன்றல்ல. ஒரு ஃபத்வாவை ஏற்றால் முஸ்லிமுக்கு வழி திறந்திருக்கிறது. அந்த ஃபத்வாவை அரசு அவருக்காகத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கலாமா என்பதில்தான் எனக்குத் தயக்கம்.

ஆஸ்திரியா வேறு வழியில் போனது. முதலில் அறுக்கலாம், அறுத்த உடனே மயக்கவேண்டும். கத்தி படும்போது உயிரும் இருந்தது, கழுத்தில் குழாய்களும் அறுந்தன, ஹலாலுக்கு வேண்டியது முடிந்துவிட்டது. அதற்கு மேல் மாடு விழுந்து எழும் அந்த நேரத்தை மட்டும் மயக்கம் துடைக்கிறது. உயிர் அடங்குமுன் அறுபட்ட பிராணியை நோவிப்பது மக்ரூஹ், அதாவது வெறுக்கத்தக்கது, என்பது பழைய விதி, அதைக் காட்டிச் சிலர் எதிர்க்கிறார்கள். அந்த விதி வந்ததே நோவைத் தவிர்க்கத்தானே? மாட்டைப் பொறுத்தவரை இந்த ஏற்பாடுதான் நபிமொழியின் சொல்லுக்கும் பொருளுக்கும் மிக நெருக்கமானது என்று எனக்குப் படுகிறது.

இந்தியாவில் இந்த வாதம் இன்னும் இந்த இடத்துக்கு வரவில்லை. 1960-ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு, எந்தச் சமூகமும் தன் மதம் கேட்கும் முறையில் விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. அதை எதிர்த்து வந்த மனுவை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. ஆனால் 2001-ஆம் ஆண்டு அறுப்புக்கூட விதிகளில் ஒரு வரி இருக்கிறது: மற்ற விலங்குகளின் கண்ணெதிரில் எந்த விலங்கையும் அறுக்கக்கூடாது. ஃபிக்ஹ் நூல்களும் ஒன்றின் முன்னால் இன்னொன்றை அறுப்பதை வெறுக்கின்றன. கத்தியைப் பிராணிகளுக்கு மறைக்கச் சொன்ன நபிமொழி இப்னு மாஜா தொகுப்பில் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் பக்கத்துக் கோழிக்கடையில் கூட்டம். 'ஹலால்' என்று பச்சை எழுத்தில் பலகை. கடைப்பையன் கூண்டுக்குள் கைவிட்டு ஒரு கோழியை இறக்கையோடு சேர்த்துப் பிடித்து இழுக்கிறான். அவன் உதடு அசைகிறது, பிஸ்மில்லாஹ் சொல்கிறான், அதில் குறையில்லை. அறுத்து நீல டிரம்முக்குள் போடுகிறான். உள்ளே அது அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்கிறது. டிரம்முக்கும் கூண்டுக்கும் இடையே ஒரு முழம்கூட இல்லை. கூண்டில் இருக்கும் கோழிகள் எல்லாம் அந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கின்றன. போன வாரம் அவனிடம், "தம்பி, நடுவுல ஒரு சாக்காவது கட்டித் தொங்கவிடக்கூடாதா?" என்று கேட்டேன். "கட்டிரலாம்ண்ணே" என்றான். இந்த வாரம் கட்டியிருந்தான்.